பார்க்கிங்கைத் தாண்டி

1 ஜனவரி 2011, சனி

புது டைரி. ஜவுளிக்கடைக்காரர் கொடுத்தது. முப்பத்தாறு வருஷமாக டைரி எழுதுகிறேன். எழுதினது எல்லாம் ஒரே மாதிரிதான்: எந்த ஊர்க்காரர்கள், எந்த இடம், எத்தனை கிலோமீட்டர். குன்னூர் ஸ்டாண்டில் கிட்டுச்சாமி டாக்ஸி என்றால் தெரியாதவன் இல்லை. இந்த வருஷம் சவாரி கிடையாது. எனவே வேறு எதையாவதுதான் எழுத வேண்டும்.

கோயம்புத்தூர் கண்ணாஸ்பத்திரி டாக்டர் போன மாதம் சொன்னதை ஒரே ஒரு முறை எழுதிவிடுகிறேன். கண்ணில் அழுத்தமாம். ஓரப் பார்வை போய்க்கொண்டிருக்கிறதாம், போனது திரும்பாதாம், வண்டி ஓட்டக் கூடாதாம். நேரே இருப்பது எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது. டாக்டர்கள் கூட்டித்தான் சொல்வார்கள். இருந்தாலும் அடுத்தவன் பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வம்பு எதற்கு என்று, முழங்கால் வலி என்று சொல்லி ஸ்டாண்டிலிருந்து வண்டியை எடுத்துவிட்டேன். வீட்டுக்காரி துளசிமணியிடமும் முழங்கால்தான். கண்ணில் விடும் சொட்டு மருந்து தூசிக்கு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

பிப்ரவரி கடைசியில் திருப்பூருக்கு மகள் ஜீவிதா வீட்டோடு போகிறோம். அதற்குள் அம்பாசடரை ஸ்டாண்டு ஜோசப்பிடம் கொடுத்துவிட வேண்டும். இதையெல்லாம் காலையில் பேசிக்கொண்டிருக்கும்போது துளசிமணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கல்யாணமாகி முப்பத்தி மூணு வருசம் ஆச்சுங்க. நீங்க சுத்திக் காட்டாத டெல்லிக்காரன் இல்ல, பம்பாய்க்காரன் இல்ல. எனக்கு சிம்ஸ் பார்க்கைத் தாண்டி எதைக் காட்டியிருக்கீங்க? மலையை விட்டு எறங்கறதுக்குள்ள எல்லாத்தையும் பாத்துப்போடோணும். ஞாயித்துக்கெழமை தவறாம."

அவள் சொன்னதில் பொய் இல்லை. எழுபத்தெட்டு தையில் கல்யாணம். கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்துகொண்டே பஸ்ஸில் மலையேறி வந்தவளிடம், வருகிற ஞாயிறு டால்பின் நோஸ் காட்சிமுனைக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமைதான் சவாரிக்காரர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை. அந்த ஞாயிறு வரவே இல்லை.

சரி என்று சொல்லிவிட்டேன். எட்டு ஞாயிறு. எனக்குத் தெரியாத ரோடா?

2 ஜனவரி, ஞாயிறு

டால்பின் நோஸ். போக வர இருபத்துநாலு கிலோமீட்டர்.

பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தி, இறங்கி, பின் கதவைத் திறந்துவிட்டேன். "பாத்துட்டு வா புள்ள, நான் இங்க நிக்கறேன்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. துளசிமணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"நான் என்ன சவாரியா? வாங்க."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. நான் பார்க்கிங் கம்பிவேலியைத் தாண்டி ஒரு தடவைகூடப் போனதில்லை. ஸ்டாண்டில் அது ஒரு சட்டம். சவாரிக்காரர்களின் பையும் கேமராவும் வண்டியில் இருக்கும். டிரைவர் வண்டியை விட்டு நகரக் கூடாது. எந்த இடத்துக்குப் போனாலும் எனக்குத் தெரிந்தது பார்க்கிங், டீக்கடை, கழிப்பறை, குரங்கு. மற்றதை எல்லாம் திரும்பி வருகிறவர்களின் முகத்தில்தான் பார்த்திருக்கிறேன். சிலர் சண்டை போட்டுக்கொண்டு போய், கையைக் கோத்துக்கொண்டு வருவார்கள். அப்படி என்னதான் இருக்கிறது அங்கே என்று நினைத்துக்கொள்வேன்.

துளசிமணியிடம் சொன்னதும் சிரித்தாள் பாருங்கள், முறுக்கு விற்கிறவள் திரும்பிப் பார்த்தாள். "அப்ப எதுத்த மலைல அருவி மூணு படியா விழும்னு ஊருக்கெல்லாம் சொன்னீங்களே?"

பழைய டிரைவர் ஒருவர் சொல்லக் கேட்டு நான் சொன்னது. முனையில் போய் நின்றோம். அவள் விரலை நீட்டி எண்ணினாள். "ரெண்டு படிதானுங்க. முப்பத்தாறு வருசமா ஊரை ஏமாத்தியிருக்கீங்க."

"மூணாவது படி பனில மறைஞ்சிருக்கும்" என்றேன். உண்மையில் எனக்கு அருவியே பனிக்குள்தான் இருந்தது.

அவள் அருவியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "ஆமாங்க, பனிதான்" என்றாள்.

5 ஜனவரி, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. பரணிலிருந்து பித்தளைப் பாத்திரங்களை இறக்கினோம். ஜீவிதா போனில் ஒரு மணி நேரம் பேசினாள், திருப்பூரில் எங்களுக்கு ஒதுக்கியிருக்கும் அறையில் மின்விசிறி மாட்டியாயிற்றாம். மின்விசிறியோடு தூங்கி முப்பது வருஷம் ஆயிற்று.

இந்த டைரியில் கோடுகள் சரியாக அச்சாகவில்லை. மேல் வரியும் கீழ் வரியும் முட்டிக்கொள்கின்றன. ஓசியில் கொடுப்பது இப்படித்தான் இருக்கும்.

9 ஜனவரி, ஞாயிறு

தொட்டபெட்டா சிகரம். காலையில் கேத்தி பக்கம் புல்லெல்லாம் உறைபனி. துளசிமணி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் உட்கார்ந்தால் தலை சுற்றுகிறதாம். போன வாரம் சுற்றவில்லை.

இவளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. வண்டியில் ஏறினால் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிடுகிறவள், இன்று வாயை மூடவில்லை. "எதுத்தாப்ல பஸ் வருதுங்க. எடப்பக்கம் ரெண்டு பொம்பளைங்க நடந்து போறாங்க, பச்சைப் பொடவை ஒண்ணு. ஒரு மாடு நிக்குது பாருங்க, கன்னுக்குட்டி மாதிரி இருக்குது, இல்ல, மாடுதான்." மாட்டை நான் பார்க்காமலா இருப்பேன்? பார்க்கவில்லைதான்; அவள் பேச்சில் கவனம் போய்விட்டது. பிரேக் போட்டேன்.

மேலே கோபுரத்தில் தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள். வரிசையில் நின்று அவள் பார்த்தாள். என் முறை வந்தபோது குழாய்க்குள் பார்ப்பது போல வட்டமாக ஒரு துண்டு மலை தெரிந்தது. சுற்றிலும் கருப்பு. தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்த பிறகும் அப்படியேதான் இருந்தது. டீ குடித்தோம். வர்க்கி பிஸ்கட் வாங்கினோம்.

16 ஜனவரி, ஞாயிறு

பொங்கல் கூட்டம். சமவெளியே மேலே ஏறி வந்திருக்கிறது. போகவில்லை. பால் சொம்பைத் தட்டிவிட்டேன். நடக்கிற வழியில் எதற்கு வைக்கிறாள்?

23 ஜனவரி, ஞாயிறு

பைக்காரா. எழுதிவைக்க வேண்டிய நாள்.

ஏரிப் படகில் ஏறினோம். எண்பத்தேழில் ஒரு கல்யாண ஜோடியை இங்கே கூட்டி வந்தேன். மதுரைக்காரர்கள். அந்தப் பெண் படகிலிருந்து இறங்கி ஓடி வந்து, "டிரைவர் அண்ணே, தண்ணிக்குள்ள வானம் கெடக்கு, வந்து பாருங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்தது. வண்டியை விட முடியாது தாயி என்றேன். அந்தப் பெண்ணுக்கு இப்போது ஐம்பது வயது நெருங்கியிருக்கும். இதைத் துளசிமணியிடம் சொன்னேன்.

"அப்பப் பாக்காததை இப்பப் பாருங்க" என்று என் தாடையைப் பிடித்துத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினாள். படகுக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. தண்ணீருக்குள் வானம் இருந்தது. இதைப் பொய்யாக எழுதவில்லை. நேர்கீழே, எனக்குத் தெரிகிற அளவுக்கு, நீலமாகக் கிடந்தது. முப்பத்து மூன்று வருஷம் இவளை இங்கே கூட்டி வராமல் இருந்துவிட்டேனே என்று இருந்தது.

வரும்போதும் ஒரே பேச்சுதான். "எடப்பக்கம் சைக்கிள். வளைவுல கார் நிக்குது. பாலம் வருதுங்க, குறுகல்." இந்த ரோட்டில் எத்தனை பாலம், எத்தனை வளைவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

30 ஜனவரி, ஞாயிறு

கேத்தி பள்ளத்தாக்கு. அவமானம்.

போகும் வழியில் ஜோசப் ஏறிக்கொண்டான். லவ்டேல் வரைக்கும் வருகிறேன் என்றான். எப்படியும் அவன் வண்டியாகப் போவதுதானே. துளசிமணி அவன் இருக்கிறான் என்று பார்க்காமல் ஆரம்பித்துவிட்டாள். லாரி வருது, குழி வருது, எடப்பக்கம் ஒதுங்காதீங்க. ஜோசப் சிரித்தான்.

"என்னண்ணே, அக்காவ கிளீனரா சேத்துட்டீங்களா? லைசென்சை அவங்களுக்கே குடுத்துரலாம் போல."

அவன் இறங்கிப் போனதும் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். "என்ன புள்ள நெனச்சிருக்கற? நேத்து ஸ்டியரிங் புடிச்சவனா நானு? இனிமேல் வண்டில வாயத் தொறந்தா எறக்கி உட்டுட்டுப் போயிருவேன்" என்று கத்தினேன். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பள்ளத்தாக்கைப் பார்க்க இறங்கவே இல்லை. நான் மட்டும் எதற்கு இறங்குவது? திரும்பி வந்துவிட்டோம்.

இரவு வரைக்கும் பேசவில்லை. ரசம் மட்டும் வைத்தாள்.

3 பிப்ரவரி, வியாழன்

இன்னும் பேசவில்லை. "சாப்பாடு ஆச்சுங்க", "தண்ணி வந்துருச்சுங்க". அவ்வளவுதான். ஞாயிறு அவலாஞ்சி போகலாமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சரி என்று தலையை ஆட்டினாள்.

6 பிப்ரவரி, ஞாயிறு

எழுத்து எப்படி வருகிறதோ வரட்டும்.

அவலாஞ்சி வழியில் எமரால்டு ஊரைத் தாண்டி கற்பூர மரங்களுக்கு நடுவே ரோடு குறுகலாகப் போகும். நல்ல வெயில், மரத்து நிழல் கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது. துளசிமணி பக்கத்தில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாடா, இன்றைக்காவது நிம்மதியாக ஓட்டலாம் என்று நினைத்தேன். நினைத்ததை நினைத்தேன் என்றே எழுதுகிறேன்.

இடப் பக்கம் படார் என்று சத்தம். துளசிமணி "ஐயோ" என்றாள். பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். வண்டியின் இடப் பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கியது. பின்னால் ரோட்டோரச் சாக்கடையில் ஒரு அம்மா விழுந்து கிடந்தார், ரோடெல்லாம் விறகு. தலையில் விறகுக் கட்டோடு நடந்து போயிருக்கிறார். எவ்வளவு நேரமாக என் முன்னால் நடந்து போனாரோ. நான் பார்க்கவே இல்லை. காலி ரோடு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓடினேன். அந்த அம்மா தானே எழுந்து உட்கார்ந்தார். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம். என்னைப் பார்த்துக் கத்தினார்.

"கண்ணு தெரியலையாய்யா ஒனக்கு? இம்புட்டுப் பெரிய கட்டத் தூக்கிட்டுப் போறேன், கண்ணு தெரியல?"

ரோட்டில் எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்விதான் அது. நானே ஆயிரம் பேரைக் கேட்டிருப்பேன்.

"தெரியலீங்கம்மா" என்றேன்.

அந்த அம்மா முழங்கையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். "தெரியலீங்க. டாக்டர் ஓட்டக் கூடாதுன்னு சொன்னார். ஓட்டிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அறுபத்தோரு வயதில் நடுரோட்டில் அழுதேன். துளசிமணி தன் முந்தானையைக் கிழித்து அந்த அம்மாவின் கையில் கட்டினாள். கட்டிக்கொண்டே, "எம்மேலதான் தப்புங்கக்கா. நான் பாத்தனுங்க. நீங்க போறதைப் பாத்தேன். சொல்லாம இருந்துட்டேன்" என்றாள்.

கேரட் லாரி ஒன்று வந்தது. அதில் அந்த அம்மாவை ஏற்றி எமரால்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெயர் மாரியாயி. எலும்பு முறிவு இல்லை. தையல் இல்லை. ஊசி போட்டு அனுப்பினார்கள். நான் வண்டிச் சாவியைத் துளசிமணியிடம் கொடுத்துவிட்டேன். ஜோசப்புக்குப் போன் போட்டு, பஸ் பிடித்து வந்து வண்டியை எடுத்துப் போகச் சொன்னேன். ஏன் என்று கேட்டான். காரணத்தைச் சொன்னேன்.

ஜோசப் ஓட்டினான். நானும் துளசிமணியும் பின் சீட்டில்.

7 பிப்ரவரி, திங்கள்

காலையில் நேராகக் கேட்டேன். "எப்பத் தெரியும்?"

"டால்பின் நோஸ்லயே." வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு ஏதுங்க பனி? வெயில் சுள்ளுன்னு அடிச்சுட்டிருந்துச்சு. அப்பறம் மருந்துச் சீட்டை எடுத்துட்டுப் போய் மெடிக்கல்ல கேட்டேன்."

"தெரிஞ்சுமா வண்டில ஏறின?"

"நிறுத்துங்கன்னா நிறுத்தற ஆளா நீங்க? நான் வரலைன்னா தனியாத்தான எடுத்துட்டுப் போவீங்க. கூட இருந்தா என் கண்ணு ரெண்டாச்சும் இருக்குமேன்னு ஏறினேன்." கத்தியைக் கீழே வைத்தாள். "போன வாரம் கத்தினீங்கல்ல, ரோசம் வந்துருச்சு. பேசாம இருந்து பாப்போம், இவருக்கே தெரியட்டும்னு நெனச்சேன். அந்தக்கா செத்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

சவாரியை ஏற்றத் துணியாத வண்டியில் பெண்டாட்டியை ஏற்றியிருக்கிறேன். அடுத்தவன் பிள்ளைகளுக்குப் பார்த்த பாவத்தை இவளுக்குப் பார்க்கவில்லை. அந்த அம்மாவுக்கும் பார்க்கவில்லை. இதை எழுதும்போது என் மேலேயே எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது.

தப்பு உன்னுடையது இல்லை என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பினதாகத் தெரியவில்லை.

9 பிப்ரவரி, புதன்

இரண்டு பஸ் மாறி மாரியாயி வீட்டுக்குப் போனோம். கோழி மேய்த்துக்கொண்டிருந்தார். கட்டு சுத்தமாக இருந்தது. பழமும் ரொட்டியும் கொடுத்தோம். வண்டிக் கண்ணாடி எதுவும் உடைந்து போயிற்றா என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். தலை குனிந்துவிட்டேன். கிளம்பும்போது, "அவருக்குப் பாத்துச் சொல்லுத்தா" என்று துளசிமணியிடம் சொன்னார். துளசிமணி விறுவிறுவென்று படி இறங்கிவிட்டாள்.

சாயந்திரம் ஜீவிதாவிடம் கண்ணைப் பற்றிப் போனில் சொன்னேன். திட்டினாள். அப்புறம் அழுதாள்.

13 பிப்ரவரி, ஞாயிறு

எங்கும் போகவில்லை. பீரோவைக் காலி செய்தோம். பழைய டைரிகள் முப்பத்தாறு இருக்கின்றன. திருப்பூருக்குத் தூக்கிப் போவதா என்று துளசிமணி கேட்டாள். வாசித்துக் காட்டச் சொன்னேன். டெல்லி குடும்பம், ஊட்டி, தொண்ணூறு கிலோமீட்டர். நாகர்கோவில் வாத்தியார்கள், கோடநாடு, எழுபது கிலோமீட்டர். பத்துப் பக்கம் படித்துவிட்டு, "இதுல ஒரு எடம் கூட இல்லீங்களே" என்றாள். பழைய பேப்பர்காரனுக்குப் போடச் சொல்லிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு இவள் ரோட்டைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. கடைக்குப் போனால் என் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறாள். வாயைத் திறப்பதில்லை. பேசிப் பேசி எனக்கு எரிச்சல் மூட்டியவள் எங்கே போனாள் என்று தேடுகிறேன்.

20 பிப்ரவரி, ஞாயிறு

கோடநாடு. அரசு பஸ்ஸில். எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்கவில்லை.

கோத்தகிரியில் பஸ் மாறினோம். கண்டக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "என்னண்ணே, நீங்க பஸ்லயா?" என்றார். கண் சரியில்லை என்றேன். இப்போதெல்லாம் சொல்ல வருகிறது. அவர் எழுந்து யாரையோ நகர்த்தி ஜன்னல் சீட்டைக் கொடுத்தார்.

காட்சிமுனைக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கீழே பள்ளம், ஆறு, அணைத் தண்ணீர் எல்லாம் தெரியும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்கு நடுவில் ஒரு துண்டு நீலம் தெரிந்தது. மற்றதெல்லாம் வெளிச்சம். காற்று நன்றாக இருந்தது. துளசிமணி பக்கத்தில் நின்றாள். பார்க்கிறாள் என்று தெரிந்தது. மூச்சை இழுத்துப் பிடித்தாள். ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கைக்கு மேல் அவள் கை இருந்தது. அவ்வளவுதான். அவளுக்குச் சொல்லப் பயம். சொன்னால் நான் கத்தினது ஞாபகம் வரும், சொல்லாமல் இருந்தது அதைவிட ஞாபகம் வரும்.

திரும்பும்போதும் ஜன்னல் சீட்டு எனக்குத்தான். பஸ் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே இறங்கியது. ஹாரன் அடித்தது, வளைந்தது, யாருக்கோ ஒதுங்கி வழி விட்டது. எதற்கு, யாருக்கு என்று எனக்குத் தெரியவில்லை. இந்த ரோட்டில் முப்பத்தாறு வருஷம் ஓட்டியிருக்கிறேன். அந்நிய ஊரில் போவது போல இருந்தது.

"பேசு புள்ள" என்றேன்.

"என்னத்தைங்க?"

"ரோட்டுல என்ன வருது?"

"பஸ்ஸை ஓட்டறதுக்கு ஆள் இருக்குதுங்க. அவரு பாத்துக்குவாரு."

"ஓட்டறதுக்கில்ல. பாக்கறதுக்கு."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு என் தோளுக்கு மேலாக ஜன்னலுக்குச் சாய்ந்தாள்.

"தேயிலைத் தோட்டமுங்க. ஞாயித்துக்கெழமையும் கொழுந்து எடுக்கறாங்க பாருங்க, நாலு பேரு. இல்ல, அஞ்சு. ஒருத்தி செவப்பு ஸ்வெட்டர் போட்டிருக்கறா. நிமிந்து நம்ம பஸ்ஸைப் பாக்கறா. சிரிக்கறா. நமக்குத்தானுங்க, கை ஆட்டறா."

நானும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினேன்.

"அங்கல்லீங்க" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக் கொஞ்சம் பின்னால் திருப்பிவிட்டாள். "இப்ப ஆட்டுங்க."